எட்டே முக்கால் மணித்தியாலம்

இரவு பதினொன்றரை. சாய்ந்தமருது.
தோணாப் பக்கமிருந்து தவளைகள்.
தையல் மெசினை மூடி
அதன் மேலேயே மடிக்கணினியை வைத்திருக்கிறேன்.
முப்பத்தேழு சட்டைகள்,
ஒரு வயது முதல் ஆறு வயதுவரை,
படம் பிடித்தாயிற்று, விலையும் எழுதியாயிற்று.
குடியிருக்கத்தான் இடமில்லை அவற்றுக்கு.

கல்முனை பசாரில் ஒரு கடை கேட்டேன், பெப்ரவரியில்.
முற்பணம் ஆறு லட்சம் என்றவர்
அதை என் முகம் பார்க்காமல்
தம்பியிடம் சொன்னார்.
இங்கே அப்படியில்லை.
மூன்று டொலர், வாருங்கள் என்று
என்னிடமே சொல்கிறது திரை.

மூன்று டொலர்தான். முதல் வருசம்.
கீழே, எறும்பு எழுத்தில்,
இரண்டாம் வருசம் பதினொன்று.
மாப்பிள்ளை பேசி வந்தவர்கள்
சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது.

அளவில்லா இடம் என்கிறது இன்னொன்று.
என் வாழ்நாளில்
தலைதட்டி அளந்து தந்தவர்கள் எல்லாம்
அளவில்லை என்று தொடங்கியவர்களே.

"ஒரே சேர்வரில் முந்நூறு கடை இருக்கும்"
என்றான் இஹ்ஸான், கொழும்பிலிருந்து.
விளங்கியது.
நாலு வீட்டுக்கு ஒரு தண்ணித் தாங்கி.
பின்வீட்டில் கலியாணம் என்றால்
நம்ம குழாயில் காற்று.

"அப்ப எது நல்லம்?"
"உனக்கு எத்தனை பேர் வருவாங்க?"
அதுதான் தெரியாதே.
தீபாவளிக்குக் காரைதீவுக் கலாவல்லி டீச்சர்
மூன்று எடுத்தா.
மற்ற மாதங்களில் எண்ணி ஆறு பேர்.
நோன்பு இருபதுக்குப் பிறகு மட்டும்
வட்ஸப்பில் பதில் எழுதியே விரல் வீங்கும்.
அந்தப் பத்து நாளைக்காக
வருசம் முழுக்கப் பெரிய வீட்டுக்கு வாடகை கட்டுவதா?

தொண்ணூற்றொன்பது தசம் ஒன்பது வீதம்
திறந்தே இருக்குமாம்.
மீதியைக் கொப்பியில் கணக்குப் பார்த்தேன்.
வருசத்துக்கு எட்டே முக்கால் மணித்தியாலம்.
நியாயம்தான். ஒரு இரவுத் தூக்கம்.
ஆனால் எந்த எட்டே முக்கால்?
பிறை காணும் இரவு என்றால்?
உதவிப் பெட்டியில் கேட்டேன்.
"மிக நல்ல கேள்வி" என்று பதில் வந்தது.
மறுகா ஒன்றும் வரவில்லை.

அவர்களாகவே கூடைக்குள் போட்டிருந்ததை
ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன்.
மின்னஞ்சல் பெட்டி வேண்டாம்.
வேகம் கூட்டித் தரும் ஏதோ ஒன்று, அதுவும் வேண்டாம்.
பூட்டுக்குக் காசு கேட்டான் ஒருவன்.
அடுத்தவன் சும்மா தருகிறான்.
அடுத்தவனிடம் போனேன்.
தினமும் ஒரு பிரதி, வேறு ஊரில் வைக்க,
மாதம் இரண்டு டொலர்.
அதற்கும் விரல் போனது.
நின்றது.

வாப்பாவிடம் கடன் கொப்பி ஒன்றுதான் இருந்தது.
கடல் வந்த ஞாயிறு அதுவும் போனது.
கொப்பி இல்லாமலே தேடி வந்து
கடனைத் தந்தவர்கள் ஒன்பது பேர்.
வராதவர்கள் எல்லோரும்
ஏமாற்றியவர்கள் அல்லர்.

இரண்டு டொலர் கூடையிலேயே இருக்கட்டும்.

சிங்கப்பூரா, ஜேர்மனியா என்று கேட்டது.
எது கிட்டவோ அது.
பாஸ்போட் இல்லாத எனக்குச்
சிங்கப்பூரில் ஒரு கடை.
வங்கி அட்டையை ஒருதரம் மறுத்தது,
மறுதரம் என்ன நினைத்ததோ, விட்டது.

கைத்தொலைபேசியில் திறந்தேன்.
முதல் வாடிக்கையாளர் நான்தான்.
மஞ்சள் சட்டை, மூன்று வயதுக்கு,
கழுத்திலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல
கீழ்க்கரை வரை வந்து நின்றது.
என் தையலில் ஒரு கோணல் தெரிந்தது.
அதைப் பிறகு பார்ப்போம்.

புதுப்பிக்கும் திகதி அடுத்த ஓகஸ்ட் ஒன்பது.
சுவரில் இறைச்சிக்கடைக் கலண்டர்
டிசம்பரோடு முடிகிறது.
பின்பக்க மட்டையில் எழுதினேன்:
ஓகஸ்ட் ஒன்பது. பதினொரு டொலர்.
அதற்கு முதல் விசாரி,
வேறு எவன் மூன்று என்கிறான் என்று.